மூன்று சதுரத்துக்குப் பன்னிரண்டு குச்சி

நடந்தது வரிசையாக இது:

1. ஒரு வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆளுக்குப் பன்னிரண்டு வெறுங்குச்சி கொடுத்தேன். வெறுங்குச்சி என்பது தீப்பெட்டிக் கம்பெனியில் மருந்து முக்குவதற்கு முன்னால் இருக்கிற மரக்குச்சி. உரசினாலும் பற்றாது.

2. அதை வைத்து ஒரு புதிர் சொன்னேன். மணி அடிப்பதற்குள் யாரும் முடிக்கவில்லை. குச்சிகளைத் திரும்ப வாங்கி வைத்தேன். ஒரு மாணவி மட்டும், வீட்டில் போட்டுப் பார்க்கிறேன் என்று கேட்டு வாங்கிப் போனாள்.

3. வீட்டில் இரண்டு குச்சி ஒடிந்துவிட்டது. அடுப்படித் தீப்பெட்டியிலிருந்து இரண்டு தீக்குச்சி எடுத்துச் சேர்த்துக்கொண்டாள். முடிந்ததும் எல்லாவற்றையும் ரப்பர் பேண்டு போட்டுத் தன் பையின் பக்கவாட்டு ஜிப்புக்குள் வைத்தாள்.

4. மறுநாள் சனிக்கிழமை. பள்ளிக்கூடம் இல்லை, பட்டாசுக் கம்பெனி உண்டு. அவள் அம்மாவின் பைக்குக் காது அறுந்திருந்தது. அதனால் மகளின் பையிலிருந்த புத்தகங்களை எடுத்து வைத்துவிட்டு, அதில் தூக்குச்சட்டியை வைத்துக்கொண்டு வேன் ஏறிவிட்டார்.

5. கம்பெனி வாசலில் பையைச் சோதித்தார்கள்.

6. அம்மாவை உள்ளே விடவில்லை.

ஆறாவது வரி வெளியூர்க்காரர்களுக்குச் சின்னதாகத் தெரியலாம். இங்கே அது சின்னதில்லை. தீப்பெட்டி செய்கிற ஊர்தான், ஆனால் பட்டாசுக் கம்பெனி வாசலுக்குள் தீப்பெட்டி போகக் கூடாது. பீடி, லைட்டர், செல்போன், செருப்பில் ஆணி, எதுவும் போகக் கூடாது. பிடிபட்டால் அந்த சீசன் முழுக்க வேலை இல்லை என்பது எழுதாத சட்டம். தீபாவளிக்கு முந்தைய மாதங்களில்தான் வருஷத்தின் பாதி வேலையும் நடக்கும். ‘தீக்குச்சியோடு பிடிபட்ட ஆள்’ என்று பெயர் வந்துவிட்டால் பக்கத்துக் கம்பெனிக்காரரும் சேர்க்க யோசிப்பார். வேனில் ஏறுகிற பெண்கள் எல்லாரும் ஏதாவது ஒரு வகையில் சொந்தக்காரர்கள், பெயர் பரவ அரை நாள்கூட ஆகாது.

நான் படித்தது அச்சுத் தொழில்நுட்பம். சிவகாசியில் காலண்டர் அடிக்கிற ஒரு கம்பெனியில் தாள்களைச் சரிபார்க்கும் வேலையில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, பி.எட். முடித்து ஆசிரியை ஆனேன். வீடு விருதுநகரில். பள்ளிக்கூடம் தாயில்பட்டிக்குப் பக்கத்தில். இரண்டு பஸ் மாற வேண்டும். பஸ்ஸில் உட்கார்ந்து அன்றைக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று வரிசைப்படுத்திக்கொள்வது வழக்கம். புதிர்களும் அப்படி பஸ்ஸில் சேர்ந்தவைதான். காலண்டர் தாளில் எந்த ஒன்பது தேதிகளைச் சதுரமாக வெட்டி எடுத்தாலும் கூட்டுத்தொகை நடுத் தேதியைப் போல ஒன்பது மடங்கு. பெரிய தாளை மூன்று தடவை மடித்துப் புத்தகமாக்கினால் எந்தப் பக்கத்தோடு எந்தப் பக்கம் ஒட்டும். இதெல்லாம் எனக்கு அச்சகத்தில் தினமும் கண்ணில் பட்டவை. வகுப்பில் கொடுத்தால் பிள்ளைகள் நோட்டை மூடிவிட்டுப் புதிரில் கை வைக்கிறார்கள் என்று கண்டுகொண்டேன். அதனால் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை புதிருக்கு என்று ஆயிற்று. ஒரே ஒரு விதி வைத்திருந்தேன்: அந்த வாரம் நடத்திய பாடம் புதிருக்குள் எங்கேயாவது இருக்க வேண்டும்.

குச்சி வந்தது இயற்கணிதத்துக்காக. எழுத்தைக் கண்டால் பிள்ளைகள் மிரள்கிறார்கள். ‘n’ என்றதும் பாதி வகுப்பு ஜன்னலைப் பார்க்கும். அதனால் எழுத்தைப் பற்றிப் பேசாமல் மேசையில் குச்சி அடுக்கினேன்.

"ஒரு சதுரத்துக்கு நாலு குச்சி. அதை ஒட்டி அடுத்த சதுரம், அதை ஒட்டி அடுத்தது. இப்படியே வரிசையா நூறு சதுரம் வேணும். எத்தனை குச்சி?"

"நானூறு!" என்றது வகுப்பு.

"எதுக்கு டீச்சர் எண்ணிக்கிட்டு? எங்க மாமா கம்பெனியில கேட்டா மூட்டையாவே தருவாரு" என்றான் ஒருவன்.

மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு குரல், "முன்னூத்தி ஒண்ணு" என்றது.

அந்த மாணவியின் குரலை நான் அதுவரை வருகைப் பதிவில் ‘உள்ளேன் டீச்சர்’ என்பதற்கு மேல் கேட்டதில்லை. தேர்வுத் தாளில் கேள்வி எண்ணை அழகாகப் போட்டு, கீழே விடைக்கு இடம் விட்டு, அந்த இடத்தை அப்படியே வெறுமையாக வைத்துக் கொடுப்பாள். தப்பாக எழுதுவதில்லை. எழுதுவதே இல்லை.

"எப்படிம்மா?"

"எங்க காலனி வீடு மாதிரி டீச்சர். மொத வீட்டுக்கு நாலு சுவரு. அடுத்த வீட்டுக்கு மூணுதான். ஒரு சுவரு பக்கத்து வீட்டுதுல்ல."

"ஏலே, அதான் அவுக வீட்டுச் சண்டை எங்க வீட்டுக்கு அம்புட்டுத் தெளிவாக் கேக்குது!" என்றான் மாமா மூட்டைக்காரன். வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்தாள்.

நான் கரும்பலகையில் 3n + 1 என்று எழுதினேன். முதல் வீட்டின் கூடுதல் சுவர் அந்த 1. வீட்டுக்கு மூன்று சுவர் என்பது 3n. அன்றைக்கு யாரும் ஜன்னலைப் பார்க்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமைதான் வரிசையின் முதல் எண்ணில் சொன்ன வெள்ளிக்கிழமை. பன்னிரண்டு குச்சியில் நான்கு கட்டம் வைத்த ஜன்னல் ஒன்று அடுக்கச் சொன்னேன். மேலே இரண்டு கட்டம், கீழே இரண்டு கட்டம். அதில் மூன்று குச்சியை மட்டும் இடம் மாற்றி, ஒரே அளவில் மூன்று சதுரம் வரவைக்க வேண்டும். ஒரு குச்சியும் மிஞ்சக் கூடாது. கையால் மாற்றி மாற்றிப் பார்த்தால் நேரம்தான் போகும். கணக்காக யோசித்தால் வழி இருக்கிறது. அது என்ன என்பதை நான் சொல்லவில்லை.

திங்கட்கிழமை இடைவேளையில் மாடிப்படிக்குக் கீழே ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். நெற்றியில் இருக்கன்குடி மாரியம்மன் கோயில் திருநீறு. அலுவலகத்துக்குப் போகாமல் நேரே என்னிடம் வந்தார்.

"நீங்கதான குச்சி டீச்சர்?"

"ஆமாங்க. உள்ள வந்து உக்காருங்க."

"உக்கார வரல. எம்மகளுக்குக் கணக்குச் சொல்லிக் குடுப்பீகன்னு அனுப்புனா, எனக்குக் கணக்கு முடிச்சு வுட்டுட்டீகளே."

பிறகு சனிக்கிழமை நடந்ததைச் சொன்னார். வாசலில் அவர் பின்னால் இருபது முப்பது பேர் நின்றார்களாம். சோதனை செய்கிற பெண் பையைக் கவிழ்த்து உதறியதும் குச்சிக்கட்டு சிமெண்டுத் தரையில் விழுந்திருக்கிறது. விழுந்த உடனே அதை எடுத்து வாசலில் இருக்கிற தண்ணீர் வாளிக்குள் போட்டுவிட்டார்கள். பிறகுதான் பேச்சு.

"பக்கத்துல நின்னவ கேக்குறா டீச்சர், ‘ஏக்கா, குச்சி இருக்கு, பீடிய எங்கன வச்சிருக்க?’ன்னு. எல்லாரும் சிரிக்காக. நான் வெத்தலகூடப் போட மாட்டேன். பாடத்துக்குன்னு புள்ள சொல்லுது, அத யாரு நம்புவா? கணக்குன்னா நோட்டுல எழுதுறதுதான? குச்சிய வச்சு என்ன கணக்கு?"

மகள் வகுப்பறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் தலைமையாசிரியையிடம் அழைத்துப் போனேன். மறைக்கிற விஷயம் இல்லை இது. தலைமையாசிரியை முழுவதும் கேட்டார். அவருக்கு என் வெள்ளிக்கிழமை வகுப்பில் முதலிலிருந்தே பெரிய விருப்பம் கிடையாது, தடுத்ததும் கிடையாது.

"புதிரு வேணுமா வேணாமாங்கிறத அப்புறம் பேசுவோம்" என்றார். "இவுக வேலைக்கு மொதல்ல வழி பண்ணும்மா. குடுத்தது நம்ம பள்ளிக்கூடத்துக் குச்சின்னு நீயே போய்ச் சொல்லு. நான் எழுதித் தாரேன்."

"எழுத்தெல்லாம் போர்மேன் வாசிக்க மாட்டாரு" என்றார் அம்மா. "ஆளு வந்தாத்தான்."

மறுநாள் பள்ளி விட்டதும் அம்மா, மகள், நான் மூவரும் போனோம். வெம்பக்கோட்டைச் சாலையில் இறங்கிக் கரிசல் காட்டுக்குள் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளிச் சின்னச் சின்ன அறைகள், சுற்றிலும் கம்பி வேலி. வேலை முடிகிற நேரம். வாசலுக்கு வெளியே வேன்கள் வரிசையாக நின்றன. வாட்ச்மேன் என் போனை வாங்கி ஜன்னல் திட்டில் வைத்தார். அதே திட்டில் ஒரு பழைய காலண்டர் அட்டை மேல் அந்தப் பன்னிரண்டு குச்சியும் காய்ந்து கிடந்தன. இரண்டின் தலையில் மருந்து கரைந்து ஒழுகிச் சிவப்பாகப் படிந்திருந்தது.

போர்மேன் வந்தார். ஐம்பது வயது இருக்கும். நகக்கண் முழுக்க வெள்ளிப் பொடி. அம்மாவைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். நான் யார், எதற்காகக் குச்சி கொடுத்தேன், எப்படி அது பைக்குள் வந்தது என்பதை வரிசையாகச் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார்.

"நீங்க சொல்றது பொய்யின்னு நான் சொல்லல டீச்சர்" என்றார். "இந்தா கெடக்கு. பத்து வெறுங்குச்சி, ரெண்டு மருந்துக்குச்சி. வெறுங்குச்சி மட்டும் இருந்திருந்தா சிரிச்சுட்டு உள்ள விட்டிருப்பேன். இந்த ரெண்டுதான்."

"அதைப் பிள்ளை வச்சிருக்கா. அம்மாவுக்குத் தெரியாது."

"எல்லாரும் தெரியாதுன்னுதான் சொல்லுவாக. இப்பத்தான் ஒருத்தரு சட்டைப் பையில லைட்டர் இருந்துச்சு. கேட்டா, சட்டை மச்சானோடதுங்காரு. பத்திக்கிட்டா, இது யாரு சட்டைன்னு மருந்து கேக்குமா?" வாட்ச்மேன் சிரித்தார். போர்மேன் சிரிக்கவில்லை. "அதுவும் போக, எனக்கு உதைக்கிறது வேற. பாடத்துக்குன்னா பத்துக் குச்சி பத்தாதா? சரியா ரெண்டு மருந்துக்குச்சி எதுக்கு வந்து சேந்துச்சு? பீடிக்கு வச்சிருந்தத வெறுங்குச்சியோட சொருகிட்டு, பாடம்னு சொன்னா நான் நம்பணும். அப்படித்தான உள்ள பேசிக்கிடுறாக?"

நான் பதில் சொல்ல வாய் திறப்பதற்குள் மகள் பேசினாள்.

"பத்துக்கு வராது சார்."

"என்ன வராது?"

"மூணு சதுரம்."

போர்மேன் அவளை ஒரு பார்வை பார்த்தார். குச்சி அட்டையை எடுத்துக்கொண்டு வெளியே வேப்பமரத்தடிக்கு வந்து குந்தினார். மருந்துக்குச்சி இரண்டையும் தள்ளி வைத்துவிட்டு, பத்து வெறுங்குச்சியால் அட்டையின் மேல் கட்டம் போட்டார். ஒன்று, அதை ஒட்டி இன்னொன்று, அதை ஒட்டி இன்னொன்று.

"இந்தா எண்ணிக்கோ. பத்துக் குச்சி, மூணு கட்டம். வந்துருச்சா?"

நானும் எண்ணிப் பார்த்தேன். மூன்று மூன்று ஒன்பது, கூட ஒன்று பத்து. நான் கரும்பலகையில் எழுதிய சூத்திரம் அப்படியே அட்டையில் கிடந்தது, எங்களுக்கு எதிராக.

"ஏ புள்ள, பேசாம இரு" என்றார் அம்மா.

"அது ஒட்டு வீடு சார்" என்றாள் மகள். "நடுவுல ரெண்டு சுவரு பொது. டீச்சரு குடுத்தது அது இல்ல. பன்னெண்டு குச்சியும் செலவாகணும். ஒரு சதுரத்துக்கு நாலு, மூணு நாலு பன்னெண்டு. அப்பன்னா ஒரு சுவருகூடப் பொதுவா இருக்கக் கூடாது. மூணும் தனி வீடு. அதுக்குத்தான் ரெண்டு கொறஞ்சுச்சு."

வாசல் தூணில் சாத்தியிருந்த விளக்குமாற்றிலிருந்து இரண்டு ஈர்க்கை ஒடித்து, குச்சி நீளத்துக்கு நறுக்கிக்கொண்டாள். மருந்துக்குச்சியை அவள் தொடவில்லை. அட்டையில் நான்கு கட்ட ஜன்னலை அடுக்கினாள். மேல் வரிசையில் இடது கட்டம், கீழ் வரிசையில் வலது கட்டம், இந்த இரண்டையும் விரலால் தொட்டுக் காட்டினாள். "இது ரெண்டும் முனையில மட்டுந்தான் தொடுது. சுவரு பொதுவில்ல. இத அப்படியே விட்டுரணும்." மிச்சம் வெளிப்பக்கத்தில் நான்கு குச்சி. அதில் கீழ் இடது கட்டத்தின் இடச் சுவரை மட்டும் நிற்க விட்டாள். மற்ற மூன்றையும் எடுத்து, அந்தச் சுவருக்கு வெளிப்பக்கம் புதிதாக ஒரு கட்டம் கட்டினாள். மூன்று சதுரம், நடுவில் ஒன்று மேலே, இரு பக்கமும் ஒவ்வொன்று கீழே, முனைகளில் மட்டும் தொட்டுக்கொண்டு நின்றன.

போர்மேன் விரல் வைத்து எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"இதுக்கா ரெண்டு குச்சி?"

"ஆமா சார். வெள்ளிக்கிழமையே போட்டுட்டேன்."

எனக்கு அது அப்போதுதான் தெரியும். முடித்ததை யாரிடமும் சொல்லாமல் ரப்பர் பேண்டு போட்டு வைத்திருக்கிறாள்.

போர்மேன் எழுந்து கைலியைத் தட்டிக்கொண்டார். அம்மாவிடம் முதல் முறையாக நேராகப் பேசினார். "பீடிக்கு இல்லன்னு ஒத்துக்கிடுறேன்க்கா. உள்ள யாராச்சும் பேசுனா நான் சொல்லிக்கிடுறேன். மேனேஜர்கிட்டயும் இப்படியே சொல்றேன்."

"அப்ப நாளைக்கு வரட்டுமா?"

"மருந்துப் பக்கம் விட முடியாது. இந்த சீசன்ல கெடையாது. இன்னைக்கு உங்கள விட்டா, நாளைக்கு லைட்டர் வச்சிருக்கிறவனும் கணக்குப் பாடம்பான். வெளிய தகரம் போட்ட அட்டைப்பெட்டி செட்டுல எடம் இருக்கு. பெட்டி மடக்குறது, லேபிள் ஒட்டுறது. வாரதுன்னா நாளைக்கு வேன்ல வாங்க."

நான் இன்னொரு முறை கேட்டுப் பார்த்தேன். அவர் என்னிடம் கோபப்படவில்லை. "டீச்சர், உங்க கணக்குல விதிய மாத்துனா விடை மாறுமா மாறாதா?" என்று மட்டும் கேட்டார். அச்சகத்தில் தாள் வெட்டுகிற இயந்திரத்தில் இரண்டு கையும் இரண்டு பொத்தானில் இருந்தால்தான் கத்தி இறங்கும். அவசரம் என்று ஒரு பொத்தானைக் கட்டிவைத்த ஒருவரை அன்றைக்கே வெளியே அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன். அப்போது நான் முதலாளி பக்கம்தான் நின்றேன். அதனால் மேலே கேட்கவில்லை.

பஸ்ஸுக்கு நடக்கும்போது அம்மா முன்னால் போனார். கொஞ்ச தூரம் போனதும் திரும்பாமலே சொன்னார்:

"வீட்டுல வாயத் தொறக்க மாட்டா. ஆம்பளையாளு குந்தியிருக்காரு, அவருகிட்டப் போயி ஒட்டு வீடு தனி வீடுன்னு எதுத்துப் பேசுறா."

"எதுத்துப் பேசலம்மா. அவருதான தப்பாப் போட்டாரு."

"அவரு போட்டதும் மூணு கட்டந்தான?"

"மூணுதான். ஆனா கேட்டது அது இல்ல."

"நல்லாப் பேசு." அதில் கோபம் எவ்வளவு, மற்றது எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. என்னிடம் அவர் சொன்னது வேறு. "வெடிச்சரம் பின்னுற ரூமுல நாங்க நாலு பேரு டீச்சர். பேசிக்கிட்டே கை ஓடும், பொழுது போறதே தெரியாது. பெட்டி செட்டுல எல்லாம் தூங்கி வழியுற ஆளுக. அங்கன போயி நான் யாருகூடப் பேச?"

பஸ் வந்தது.

புதன்கிழமை தலைமையாசிரியை என்னை அழைத்தார். நான் பேசுவதற்கு முன்பே, "பெட்டி செட்டாமே" என்றார். ஊருக்குள் செய்தி வந்துவிட்டது. குச்சி இனிமேல் பள்ளிக்கூடத்துக்குள் வரக் கூடாது, வெறுங்குச்சியும் கூடாது என்றார். புதிர் வகுப்பை நிறுத்தச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அதைச் சொல்லவில்லை. "வகுப்புல தொட்டது வகுப்புலயே இருக்கணும். ஒண்ணும் வீட்டுக்குப் போகக் கூடாது. அத மட்டும் பாத்துக்கோ" என்றார். கிளம்பும்போது, "அந்த மூணு சதுரம் எப்படி?" என்று கேட்டார். அவர் மேசையில் இருந்த பேனா, பென்சில், ஸ்கேல் எல்லாவற்றையும் வைத்துக் காட்டினேன். நீளம் சமமாக இல்லாததால் அவர் அதைச் சதுரம் என்று ஒப்புக்கொள்ளவில்லை.

இப்போது நாங்கள் ஈர்க்குச்சி பயன்படுத்துகிறோம். ஒரு விளக்குமாற்றை ஒரே நீளமாக நறுக்கி டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். மணி அடிக்கும் முன் எண்ணி உள்ளே போட வேண்டும். எண்ணிப் போடுகிற பொறுப்பை அந்த மாணவியே கேட்டு வாங்கிக்கொண்டாள். மாமா மூட்டைக்காரன் அவளுக்குப் ‘போர்மேன்’ என்று பெயர் வைத்துவிட்டான். அவள் அதற்கும் சிரிக்கிறாள், ஆனால் அவனுடைய குச்சியை இரண்டு தடவை எண்ணுகிறாள். வீட்டில் போட்டுப் பார்க்க விரும்புகிறவர்கள் படம் வரைந்துகொண்டு போகிறார்கள்.

காலாண்டுத் தேர்வில் அவள் விடைக்கு விட்ட இடங்களில் எழுதியிருந்தாள். சில சரி, பல தப்பு. தேர்ச்சிக்குக் கொஞ்சம் மேலே. ஒரு கணக்கில் வழி முழுக்கச் சரியாகப் போட்டுக் கடைசி வரியில் கூட்டலில் விட்டிருந்தாள். அதற்கு வழிக்கு உண்டான மதிப்பெண் கொடுத்தேன், அவ்வளவுதான் கொடுக்க முடியும்.

அம்மா அட்டைப்பெட்டி செட்டில்தான் இருக்கிறார். தீபாவளி முடிந்து கம்பெனி மறுபடி திறக்கும்போது சரம் பின்னுகிற அறையில் பழைய இடம் கிடைக்குமா என்று கேட்டதற்கு, போர்மேன் ‘பாப்போம்’ என்றாராம். அந்த அறையில் இப்போது மூன்று பேர். நான்காவது ஆளை இதுவரை போடவில்லை. அம்மாவின் பைக்குப் புதுக் காது தைத்தாகிவிட்டது. மகளின் பை மகளிடம் இருக்கிறது.